சடங்கன்று ஒலித்த இசைத்தட்டும் எங்கள் அண்ணனும்

கண்ணகை அம்மனை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இதை எழுதுவதா விடுவதா என்று முப்பது வருடத்துக்கு மேல் தயங்கி இருந்துவிட்டேன். கொப்பியில் "அண்ணன்" என்று ஒரு சொல் எழுதிவிட்டு மூடி வைத்த நாட்கள் பல. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தயக்கத்துக்குப் படிப்புக் குறைவு காரணமில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து, எரிந்த கற்பூரத்தை அணைக்கச் செய்து வாங்கிய சத்தியம் ஒன்று இருந்தது. அவர் உயிரோடு இருக்கும் வரைக்கும் நான் வாய் திறப்பதில்லை என்ற சத்தியம். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவுகளுக்கும் ஊரவருக்கும் இனி நான் உள்ளதைச் சொல்லலாம்.

அம்மன் கோயில் சடங்கு நாளில் அந்த வெள்ளைக்காரப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டது அண்ணன் இல்லை. போட்டது நான்.

அண்ணன் பிறந்தது பழுகாமத்தில். எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளை. நடுவில் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால் அவருக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா வட்டையில், வயலுக்குள், வரம்பு கட்டிக்கொண்டு நின்றபோது பாம்பு தீண்டி இறந்தார். அண்ணன் அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, புளியந்தீவில் ரேடியோ திருத்தும் கடை ஒன்றில் சேர்ந்தார். காலையில் துறையில் தோணி ஏறி, அக்கரையில் பஸ் பிடித்துப் போவார். பொழுது சாயத் திரும்பி வந்து அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் தான் உட்காருவார். எனக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் தன் கலியாணப் பேச்சை எடுக்க விடமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். சொன்னபடி கட்டினார். இன்று நான் விளக்கேற்றுகிற வீடு அதுதான்.

தொழில் பிடிபட்டதும் பழைய அம்பிளிபயர் ஒன்றும் இரண்டு குழாய்களும் வாங்கி, ஒலிபெருக்கிச் சேவை தொடங்கினார். பலகையில் தன் பெயரை எழுதவில்லை, அம்மன் பெயரை எழுதினார். கலியாண வீடு, கோயில், வாசிகசாலை எல்லாவற்றுக்கும் அவர்தான். ஊரில் ஒரு சாவு வீடு விழுந்தால், கலியாண வீட்டார் முகம் சுளித்தாலும் தானே மரத்தில் ஏறிக் குழாயின் வாயை மறுபக்கம் திருப்பிவிடுவார். செவ்வாய்க்கிழமை ஒரு நேரச் சாப்பாடுதான். குடிவெறி என்று ஒன்று அவரிடம் கிடையாது.

இருந்தது ஒரே ஒரு ஆசை. அதுதான் அந்த இசைத்தட்டு.

புளியந்தீவில் டானியல் ஐயா என்று, போர்த்துக்கேய வழி வந்த ஒரு பறங்கியர் இருந்தார். தச்சு வேலை செய்பவர், அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் வயலின் வாசிப்பவர். அவருடைய தங்கை குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது விட்டுச்சென்ற இசைத்தட்டுகளில் ஒன்றை, ரேடியோ திருத்திக் கொடுத்த நன்றிக்காக அண்ணனுக்குக் கொடுத்தார். பெரிய எல்பி. உறையில் தலைமயிர் வளர்த்த ஒன்பது பத்துப் பேர் நிற்பார்கள். மூன்று பேர் கையில் பித்தளைக் குழல், இரண்டு பேர் கையில் வயலின், மற்றவர்களிடம் கிற்றாரும் மேளமும். அந்தக் கூட்டத்தின் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, வேலை இல்லாத நாட்களில், சத்தத்தைக் குறைத்து அதைப் போடுவார். அம்மா முற்றத்தில் பாய் பின்னிக்கொண்டு ஏசுவார்.

"என்னடா மனே இது, தகரத்தில அடிச்ச மாதிரி."

"தகரமில்லம்மா, பித்தள."

"எதுவாயிருந்தாலும் ஆக்கின சோறு செமிக்காது."

அண்ணன் சிரித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். "இஞ்ச வா புள்ள, கேளு. முதல்ல ட்ரம்பெட் வரும். சண்டைக்கு வந்த மாதிரி வரும். மறுகா கிற்றார். பொறு, பொறு, இப்ப வரும் பார் வயலின்." அந்த வயலின் வருகிற இடம் பாட்டு பாதி தாண்டின பிறகுதான். ட்ரம்பெட் எல்லாம் சட்டென்று அடங்கி, வயலின்கள் மட்டும் கீழிருந்து மேலே ஏறிவரும். குளத்தில் தண்ணீர் ஏறுவதுபோல் என்று அண்ணன் சொல்வார். எனக்கு அந்தப் பாட்டின் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அந்த இடம் வரும்போது உலை கொதித்தாலும் எழும்பமாட்டேன். தேவாரம் படித்து வளர்ந்த எனக்கு இது ஒரு குற்றம்போல் இருந்ததால் யாரிடமும் சொன்னதில்லை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

இசைத்தட்டுகளின் நடுவட்டத்தில் எழுத்தெல்லாம் இங்கிலீசில்தான் இருக்கும், தமிழ்ப் பாட்டானாலும். எனக்கு அது வாசிக்க வராது. நாட்டுப் பிரச்சினை தொடங்கி ஒருமுறை நாங்கள் வீட்டை விட்டு ஓடி, தட்டுகளை நெற்சாக்குக்குள் மறைத்து வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, கறையான் உறைகளையெல்லாம் தின்றிருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் வெறும் கடதாசி உறைகளில் போட்டார். அவசரத்தில் எடுக்க வசதியாக, பக்திப் பாட்டுத் தட்டுகளின் நடுவட்டத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். பொட்டு இருந்தால் கோயிலுக்கு, இல்லாவிட்டால் கலியாண வீட்டுக்கு. இதுதான் அவருடைய கணக்கு.

அந்த வருடம் சரசுவதி பூசைக்கு அண்ணன் வேலையாகப் போயிருந்தார். வீட்டில் இருந்த தொழில் சாமான்களைக் கழுவித் துடைத்துப் படைத்தது நான். அம்பிளிபயருக்குப் பொட்டு, மைக்குக்குப் பொட்டு, குறட்டுக்குப் பொட்டு. தட்டுகளுக்கு மட்டும் சிலதுக்கு இருந்து சிலதுக்கு இல்லாமல் இருப்பது எனக்கு மனக்குறையாகப்பட்டது. எல்லாம் சோறு போடுகிற சாமான்தானே. ஒன்று விடாமல் எல்லாத் தட்டுக்கும் பொட்டு வைத்தேன். அண்ணனிடம் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு மழைக்காலம், நிலைமையும் சரியில்லை, கொண்டாட்டம் இல்லை, அண்ணன் அந்த எல்பியைக்கூட எடுக்கவில்லை, தட்டுகள் பெட்டியிலேயே கிடந்தன.

அடுத்த வைகாசியில் அம்மன் சடங்கு வந்தது. பாதைகளில் கெடுபிடி இருந்ததால் வாவிக்கு அக்கரையான எழுவான்கரையில் இருந்து சனம் தோணியேறி வர முடியவில்லை. அவர்கள் தங்கள் முற்றங்களிலேயே பொங்கல் பானை வைப்பார்கள். இங்கே சங்கு ஊதி, ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டுப் போட்டதும் அதைத் தண்ணீருக்கு அப்பால் கேட்டு அரிசி போடுவார்கள். அப்படித்தான் ஏற்பாடு. எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்திலே இருந்தபடியால் மெசின் வீட்டு மண்டபத்தில் இருந்தது. வயர் மட்டும் கோயில் மரத்துக்குப் போனது.

கடைசி நாள் காலை, அண்ணன் கோயிலுக்குள் போவதற்கு முன் வாவியில் முழுகப் போனார். போகும்போது, "சங்கு கேட்டா நீயே போடு புள்ள. மேல இருக்கிறது நேத்துப் போட்ட அம்மன் பாட்டு, பொட்டு வச்சது" என்றார். நான் அதற்கு முன்பும் போட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கலியாணம் பேசி முடித்திருந்தார்கள்.

பெட்டியைத் துடைப்போம் என்று தட்டுகளை வெளியே எடுத்து வைத்தேன். திரும்ப அடுக்கினபோது எது மேலே இருந்தது என்று பார்க்கவில்லை. அம்மன் பாட்டுத் தட்டும் எல்பிதான், எல்லாவற்றிலும்தான் பொட்டு இருந்ததே. சங்கு ஊதியது. மேலே இருந்ததை எடுத்துப் போட்டேன்.

முதலில் ட்ரம்பெட் பிளந்துகொண்டு கேட்டது. மண்டபத்தில் சின்னதாகக் கேட்டுப் பழகின சத்தம், இரண்டு பெரிய குழாயில் ஊர் முழுக்கக் கேட்டது. கோயிலில் யாரும் உடனே மறுத்துச் சொல்லவில்லை. ஏதோ புதுவிதமான எக்காளம் என்று நினைத்திருக்கிறார்கள். தெய்வமாடுகிற ஓர் அம்மாவுக்கு அந்தச் சத்தத்துக்கு உரு வந்துவிட்டது. அக்கரையில் எங்கள் சின்னம்மா அரிசி போட்டு, பால் நன்றாகவே பொங்கிற்றாம். பிறகு வெள்ளைக்காரன் பாடத் தொடங்கினபோதுதான் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊசியைத் தூக்கியிருக்க வேண்டும். கை ஊசிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் தூக்கவில்லை. வயலின் வரட்டும் என்று இருந்தேன். அவ்வளவு பெரிய குழாயில், அந்த வயலின் எப்படிக் கேட்கும் என்று இருந்தேன்.

வந்தது. கேட்டேன். அதற்குப் பிறகு அண்ணன் ஈர வேட்டியோடு ஓடிவந்து ஊசியைத் தூக்கினார்.

"என்னத்தப் போட்டாய்?"

"பொட்டு வச்சது."

"இதுக்கு ஆரு பொட்டு வச்ச?"

"நான்தான். சரசுவதி பூசைக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் பெரிய வீதியில் வாகனச் சத்தம். சுற்றிவளைப்பு. பாட்டைக் கேட்டுத் திகைத்து நின்ற இளம் பொடியன்கள் வட்டைப் பக்கம் ஓடினார்கள். சீருடைக்காரர் நேரே வயரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் படலைக்கு வந்தார்கள். அண்ணன் என்னைப் பின்னால் தள்ளினார்.

"நீ குசினிக்குள்ள இருந்த. ஒண்டும் தெரியா. விளங்கினதா?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. முற்றத்துக்குப் போய், "பாட்டுப் போட்டது நான்தான்" என்றார். அவரையும் இசைத்தட்டையும் பிளேயரையும் கொண்டுபோனார்கள்.

பொடியன்களை எச்சரிக்கத்தான் புதுப்பாட்டுப் போட்டார் என்பது அவர்களுடைய சந்தேகம். பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். ட்ரம்பெட் எத்தனை தரம் வருகிறது, நடுவில் ஏன் நிற்கிறது என்று எழுதியெடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்களாம். அண்ணன் முன்கூட்டியே, இனி இது வரும், இனி அது வரும் என்று சொல்லச் சொல்ல, சந்தேகம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. கடைசியில் டானியல் ஐயாதான் கேள்விப்பட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு, வயலின் பெட்டியோடு முகாமுக்குப் போனார். சிங்களமும் இங்கிலீசும் தெரிந்தவர். தட்டைத் தந்தது தான்தான் என்று சொல்லி, அந்த வயலின் வருகிற இடத்தைத் தன் வயலினில் அப்படியே வாசித்துக் காட்டினாராம். முகாம் பெரியவர் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாராம். "இவ்வளவுதான் சேர், இது பாட்டு" என்றாராம் டானியல் ஐயா. மறுநாள் விட்டார்கள்.

இசைத்தட்டு திரும்பி வரவில்லை. அங்கே நடந்த மற்றவற்றை அண்ணன் எனக்குச் சொன்னதில்லை. இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. அது உங்களில் பலருக்குத் தெரியும்.

அன்றைக்கு எங்கள் ஊரில் பிடிபட்டது ஒரே ஒரு பிள்ளை, பூமணியக்காவின் மகன். பதினொரு மாதம் கழித்து, கால் சரியாக ஊன்ற முடியாமல் வந்து சேர்ந்தார். அண்ணன் பத்தொன்பது நாளில் வந்துவிட்டார், அந்தப் பிள்ளை அப்போது வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? சைகைப் பாட்டுப் போட்டுப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தான் என்று ஒரு கதை. இல்லை, மற்றப் பக்கத்துக்கு, இயக்கத்துக்கு, வேலை செய்தான் என்று இன்னொரு கதை. இரண்டையும் சொன்னவர்கள் ஒரே ஆட்களாகவும் இருந்தார்கள். கோயிலுக்கு வேறு சவுண்ட் சேர்விஸ் பிடித்தார்கள். கிரானில் அண்ணனுக்குப் பேசிவைத்திருந்த கலியாணம் நின்றது.

நான் சொல்லப் போகிறேன் என்று அழுதேன். அன்று பின்னேரமே அண்ணன் என்னை அம்மன் கோயில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் இருக்குமட்டும் இத ஆருக்கும் செல்ல ஒண்ணா. உன்ட மாப்பிள்ளைக்கும் செல்ல ஒண்ணா."

"ஊர் உங்களத்தானே அண்ணன் ஏசுது."

"ஏசட்டும். எனக்கு ஒரு காது கேக்காதுதானே, பாதி ஏச்சுத்தான் விழும். உன்னக் கூட்டிப்போனா நான் என்ன செய்வன்? கைய நீட்டு."

சத்தியம் செய்தேன். அடுத்த மாதம் எனக்குக் கலியாணம் நடந்தது. மூன்று வருடம் கழித்துத்தான் அண்ணனுக்கு நடந்தது. பெண் மாறவில்லை. என் மச்சாளான அவர், தன் வீட்டாரிடம், "பாட்டுப் போட்டதுக்கு ஒரு மனிசன வேணாமெண்டு செல்லுறதா? வேற என்ன குத்தம் கண்டயள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தவர். அண்ணன் கிரானுக்குப் போய், மச்சாளின் காணியில் வேளாண்மை செய்தார். மழைக்காலத்தில் ரேடியோ திருத்தினார். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வீடு கட்டிக் கரைசேர்த்தார். ஒருநாளும் ஒருவரையும் குறை சொல்லவில்லை.

கடைசியாக நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மத்தியானம் பார்க்க விடுகிற நேரத்தில் நானும் என் மகனும் போனோம். அண்ணன் அந்தக் கூட்டத்தின் பெயரைச் சொல்ல, என் மகன் போனில் தேடி எடுத்து, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிவிட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "ட்ரம்பெட் வருது. வயலின் எங்க மனே?" என்றார். வயலின் இடது பக்கத்தில்தான் ஒலிக்கிறது என்று என் மகனுக்கு விளங்கிவிட்டது. இடது காதில் இருந்ததை வலது காதுக்கு மாற்றினார். அண்ணன் முகம் மலர்ந்தது.

பாட்டு முடிந்த பிறகு, இத்தனை வருடத்தில் ஒருமுறையும் கேட்காததைக் கேட்டார்.

"அண்டைக்கு ஏன்கா நீ ஊசியத் தூக்கல்ல?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வயலின் வரட்டும் எண்டு இருந்தன் அண்ணன்."

அவர் சிரித்தார். சிரித்து இருமி, தாதி வந்து முதுகைத் தடவும் வரைக்கும் சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார். "நான் கழுத்தளவு தண்ணிக்குள்ள நிண்டன். ட்ரம்பெட் கேட்ட உடனே ஓடி வந்திருக்கலாம். வயலினக் கேட்டுட்டுத்தான் கரையேறினன். வாவியெல்லாம் அதுதான் புள்ள."

அதற்கு நாலாம் நாள் அண்ணன் காலமானார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் பூமணியக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் ஊருக்குச் சொல்வது முறையில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்ட கொண்ணன் ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் கிரானில இருந்து வந்து என்ட படலையில நிப்பான். கையில பலகாரம் இருக்கும். நான் திறக்கல்ல. ஒரு வருசமும் திறக்கல்ல." பிறகு என்னைப் பார்த்து, "உன்னத்தான் இவ்வளவு நாளும் வாகா, இருகா எண்டு தேத்தண்ணி ஊத்தித் தந்திருக்கன்" என்றார்.

உள்ளே இருந்த அவர் மகன் கேட்டுக்கொண்டே வந்தார். "ஓடினது என்ட கால்தானேம்மா. பாட்டுட காலா? நான் எத்தின தரம் செல்லிட்டன்."

"நீ வாயப் பொத்து" என்று அவரை அடக்கிவிட்டு, அக்கா என்னிடம் சொன்னார். "எழுது. என்ட பேரையும் போடு. படலைய நான் திறக்கல்ல எண்டதையும் போடு."

போட்டிருக்கிறேன் அக்கா. உங்களுக்கு என் முதல் நன்றி. அன்றைக்கும் நீங்கள் தேத்தண்ணி ஊற்றித்தான் அனுப்பினீர்கள்.

அண்ணனை மீட்டுத் தந்த டானியல் ஐயா இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் எங்கள் குடும்பத்தின் நன்றி அவர்களைச் சேரட்டும். காத்திருந்து அண்ணனைக் கைப்பிடித்த மச்சாளுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவள். ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தங்கள் தகப்பனைப் போல் பார்த்த தாதிமாருக்கும், மழையில் பந்தல் போட்டுத் தந்த கிரான் பொடியன்களுக்கும், அண்ணனின் இறுதி நாளில் தானாகவே வந்து குழாய் கட்டி, கூலி வேண்டாமென்று போன சவுண்ட் சேர்விஸ் தம்பிக்கும் நன்றி. சத்தியத்தைக் காக்கப் பலம் தந்து, பிறகு அதிலிருந்து விடுவித்த அம்மனுக்கு, எந்த நாளும் நன்றி.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். அண்ணன் யாருக்கும் சைகை காட்டவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. முன்பு வேறு விதமாகக் கேள்விப்பட்டவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மலர் கிடைக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சொல்லும்போது எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். முக்கியமாக, என்மேல் இரக்கப்பட்டு, "பாவம், தெரியாமல் மாறிப்போனது" என்று முடித்துவிட வேண்டாம். தட்டு மாறினது தெரியாமல். ஊசியைத் தூக்காமல் இருந்தது தெரிந்து. அண்ணனும் தண்ணீரில் நின்று கேட்டார் என்றால், அது அவருடைய பங்கு. அதைக் காட்டி என் பங்கைக் குறைக்க வேண்டாம். இரண்டையும் இருந்தபடியே சொல்லுங்கள்.

தங்கை